நாலு மூலையிலும் மஞ்சள்

நாராயணசாமி தம் மகளைப் படிக்க வைத்த அழகு அல்சூர் பஜார் தெரு முழுவதற்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! ஐம்பத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததிலிருந்து விடியற்காலையில் அவர் வீட்டில் பூஜை மணி அடிக்க ஆரம்பித்தது. பெருமாளுக்கு அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதப்போகும் அலர்மேல்மங்கையை எழுப்புவதற்கு. பெண் எழுந்து முகம் கழுவி விளக்கடியில் உட்கார்ந்த பிறகும் மனுஷர் அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு தகப்பன் தன் கடமையைச் செய்கிறான் என்று நாலு வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?

"அவதான் எழுந்துட்டாளே. இன்னும் யாரை எழுப்பறேள்? பெருமாளும் பரீட்சை எழுதப்போறாரா?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள் கோமளம்.

"உனக்கென்ன தெரியும்? ஆபீஸ்ல இருபது பேரை வேலை வாங்கறவன் நான். மேற்பார்வை இல்லேன்னா ஒரு காரியம் நடக்காது."

சர்க்கார் ஆபீஸில் அவர் சூப்பரிண்டெண்ட். அப்பாவும் மகாராஜா காலத்துச் சேவகத்தில் இருந்தவர். அதனால் காகிதத்தைக் கண்டால் அதில் ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். மகளின் படிப்பையும் அவர் ஒரு ஃபைலாகத்தான் பார்த்தார். சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலுமாகக் கோடு கிழித்து ஒரு கால அட்டவணை தயார் செய்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். சரித்திரம், பூகோளம், கணக்கு, சமஸ்கிருதம் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பெண் சாப்பிடவும் தலை வாரிக்கொள்ளவும்தான் இடம் இல்லை. கோமளம் அதைப் பார்த்துவிட்டு, "இவ எப்போ மூச்சு விடறதுன்னு போடலையே" என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணக்கு ஒன்றும் அவருக்கு வராது. ஆனால் மேற்பார்வை செய்யக் கணக்கு எதற்கு? புஸ்தகத்தின் கடைசியில்தான் விடைகள் இருக்கின்றனவே. அலமு கணக்குப் போட, அவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். ஒருநாள் அவளுக்குப் பதினாறு வந்தது. புஸ்தகத்தில் பதினெட்டு. "மறுபடி போடு" என்றார். மறுபடியும் பதினாறு. "கவனம் இல்லே. மறுபடி போடு." காலைப்பொழுது பூராவும் அந்த ஒரே கணக்கு. கடைசியில் பெண் அலுத்துப்போய், பாதியில் ஒரு வரியை விட்டுவிட்டு, அடியில் பதினெட்டு என்று எழுதி நீட்டினாள். "பார்த்தியா, மனசு வெச்சா வரதா இல்லையா?" என்று அவர் மீசை இல்லாத உதட்டை முறுக்கிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து டீச்சர், அந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை, பதினாறுதான் சரி என்று சொல்லியனுப்பியபோது அவர் டீச்சரை நம்பவில்லை. சர்க்கார் அங்கீகாரம் பெற்ற புஸ்தகம் எப்படித் தப்பாகும் என்று கேட்டார்.

கோமளம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கேலி போய்விட்டது. அலமுவுக்கு இந்தப் பரீட்சை விளையாட்டு இல்லை. மைசூரில் ரங்கா என்று ஒரு பையன், நல்ல குடும்பம், உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் வீட்டார் பொங்கலிலிருந்தே ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலேஜில் சேர்ந்து கணக்கில் பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று அலமு அழுது அடம்பிடித்ததால் நாராயணசாமி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். "பாஸ் பண்ணினா காலேஜ். தப்பினா மைசூர். அப்புறம் என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாது." அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய மனசு செய்துவிட்டவர் மாதிரி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

பரீட்சை வந்தது. முதல் நாள் ராகு காலம் குறுக்கிட்டது. அதற்கு முன்னாலேயே கிளம்பி, வாட்ச்மேன்கூட வராத நேரத்தில் கேட்டில் கொண்டுபோய் பெண்ணை நிறுத்தினார். பிறகு பிளாஸ்கில் ஹார்லிக்ஸை வைத்துக்கொண்டு வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே பெல் அடிக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கம் போய், "பதறாதே! முதல்ல கேள்வியை நன்னாப் படி!" என்று கத்தினார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அலமு தலையைக் குனிந்துகொண்டாள்.

கணக்குப் பரீட்சை முடிந்து வந்தவள் முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு வந்தாள். "எல்லாம் சரியாப் போட்டிருக்கேம்மா" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துப் போனார். அங்கே கணக்குப் பிரிவில் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார். அவர் அல்ஜீப்ராவைத் தொட்டு முப்பத்தைந்து வருஷம் இருக்கும். டிபன் இடைவேளையில் காபி குடித்துக்கொண்டே நாலு கணக்கைப் போட்டுப் பார்த்தார். மூன்று பொருந்தவில்லை. மூன்றையும் தப்பாகப் போட்டது ஜெயராமனாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கும் வரவில்லை, நாராயணசாமிக்கும் வரவில்லை. இரண்டு பேருமே சூப்பரிண்டெண்டுகள் ஆயிற்றே.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "போச்சு, கோமளம். கணக்கிலே போச்சு."

"குழந்தை சரியாப் போட்டிருக்கேங்கறாளே."

"குழந்தை சொல்லும். ஜெயராமன் சொல்றான், மூணு தப்புன்னு."

கோமளம் ஏதோ எகத்தாளமாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மகள் சொன்னதை அவள் முழுக்க நம்பியிருக்க வேண்டும். நம்பினாள்தான். ஆனால் அந்தத் துளிப் பயம் போகவில்லை.

அந்தப் பயத்துக்கு வழி சொல்ல நாணு வந்து சேர்ந்தான். நாராயணசாமியின் சித்தப்பா பிள்ளை. ஊரில் எந்தப் பேப்பர் கட்டு எந்த வாத்தியாரிடம் போயிருக்கிறது, அவர் வீடு எங்கே, பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வேலை என்ன என்று கேட்டால்தான் சொல்ல வராது. அலமு மாதிரி கன்டோன்மென்ட் பெண்கள் எழுதிய கணக்குப் பேப்பர் சாம்ராஜ்பேட்டையில் சின்னப்பா என்ற மாஸ்டரிடம் வந்திருக்கிறதாம். கூர்க் மனுஷர். "ஒரு நடை போய்ட்டு வாங்கோ அண்ணா. எல்லாரும்தான் போறா. நம்பரைக் குடுத்துட்டு, 'கொஞ்சம் பாத்துக்கோங்கோ'ன்னு சொன்னாப் போறும். தம்பதியாப் போங்கோ. அதுதான் மரியாதை."

தம்பதியாக! கோமளத்துக்குச் சிரிப்பு வந்தது. "என்ன, சம்பந்தம் பேசவா போறோம்?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூறைப்புடவைக்கு அடுத்தபடியான பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அலமுவை ஏரிக்கரைப் பக்கத்துச் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். ரஸபூரி மாம்பழமாகப் பொறுக்கி வைத்தாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பந்து மல்லிகை. நாராயணசாமி நல்ல காகிதமாக ஒன்றை எடுத்து, மேலே 'ஸ்ரீ' என்று போட்டு, அடியில் மகளின் ரிஜிஸ்டர் நம்பரைக் கொட்டை கொட்டையாக எழுதி, பழத்தின் மேல் வைத்தார்.

மூலை நான்கும் வெள்ளையாக இருந்த அந்தக் காகிதம் கோமளத்தின் கண்ணை உறுத்தியது. தாம்பாளத்தில் போகிற காகிதம் மஞ்சள் இல்லாமல் போகுமா? மஞ்சள் இல்லாத காகிதம் சாவுச் சேதிக்குத்தான். யோசிக்கக்கூட இல்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீரில் குழைத்து, நாலு மூலையிலும் தடவிவிட்டாள்.

பஸ்ஸில் சிட்டி மார்க்கெட்டு வரைக்கும் போய், அங்கிருந்து வெயிலில் நடந்தார்கள். அவர் முன்னாலே, தாம்பாளத்தை ஏந்தி அவள் பின்னாலே. எதிரே வந்தவர்கள் ஏதோ சுப காரியம் என்று வழிவிட்டார்கள்.

சின்னப்பா மாஸ்டர் வீட்டில் கூடம் முழுக்கப் பேப்பர் கட்டுகள். சிவப்புப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து வந்தார். பட்டுப்புடவையையும் தாம்பாளத்தையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பன்னி, பன்னி, கூத்கொள்ளி" என்று வரவேற்று உட்காரச் சொன்னார். மஞ்சள் தடவிய காகிதத்தை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக்கொண்டு, "மதுவெ யார்து?" என்று கேட்டார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்! கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துவிட்டார் மனுஷர்.

நாராயணசாமி இளித்தார். "கல்யாண அல்லா ஸ்வாமி, மகள நம்பரு. கணித பேப்பரு. ஸ்வல்ப தாவு நோட்கோபேக்கு" என்று, கல்யாணம் இல்லை, மகளுடைய கணக்குப் பேப்பர் நம்பர், கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தம் கன்னடத்தையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

சின்னப்பா மாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை நம்பரைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. திரும்பி, ஜன்னலோரம் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு பேப்பரை ஒரு கணம் நோக்கினார். பிறகு நாராயணசாமியைப் பார்த்து, "ஹுடுகிகெ கொத்தா?" என்று கேட்டார். நீங்கள் வந்தது பெண்ணுக்குத் தெரியுமா என்று.

"சே சே, கொத்தில்லா!" என்றார் நாராயணசாமி. பெண்ணுக்குத் தெரியாமல் செய்த உபகாரம் என்ற பெருமை வேறு.

மாஸ்டர் காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். "பாப" என்று தமக்குள் முணுமுணுத்துக்கொண்டார். ஐயோ பாவம் என்று அர்த்தம். அப்புறம் தாம்பாளத்தைக் காட்டி, "இதன்ன தெகொண்டு ஹோகி" என்றார். எடுத்துக்கொண்டு போங்கள். "சீட்டி இர்லி." காகிதம் இங்கேயே இருக்கட்டும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

தெருமுனை திரும்பியதும் நாராயணசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தியா? பழத்தை வாங்கலே. பெரிய மனுஷன், வாங்கமாட்டான். ஆனா நம்பரைப் பையிலே வெச்சுண்டான் பார்த்தியா? காரியம் முடிஞ்சது!"

கோமளத்துக்கு அந்த 'பாப'தான் காதிலேயே இருந்தது. இரக்கப்படுகிறவர் கெடுதல் செய்யமாட்டார் என்று அவளுக்குப் பட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, புருஷன் ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அப்புறம் அவள் தன்னைத்தானே எத்தனை தடவை வைதுகொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் அலமுவுக்கு முன் நம்பர் இருந்தது. பின் நம்பர் இருந்தது. அவள் நம்பர் இல்லை.

"கணக்குதான்! நான் அப்பவே சொன்னேன்!" என்றார் நாராயணசாமி. பெண் தப்பிவிட்டாள் என்ற துக்கத்தைவிடத் தாம் சொன்னது பலித்துவிட்டது என்ற திருப்திதான் அந்தக் குரலில் அதிகமாகத் தெரிந்தது. அலமு பேப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கி மறுபடி மறுபடி பார்த்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். தாய் தகப்பனோடு ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க வரச்சொல்லி.

ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ் மௌரீன் கன்டோன்மென்டிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. நாராயணசாமியிடம் இங்கிலீஷில் பேசினாள். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். அலர்மேல்மங்கை எந்தப் பாடத்திலும் தப்பவில்லை. ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பேப்பர் திருத்துகிறவரை அணுகியதால் அவள் எழுதிய இந்தப் பரீட்சை ரத்து. இதைச் சொல்லிவிட்டு மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள்.

மேலே 'ஸ்ரீ'. நடுவில் நம்பர். நாலு மூலையிலும் மஞ்சள்.

ஆபீஸில் இருபது பேரை வேலை வாங்குகிறவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எல்லாரும்தான் போகிறார்கள் என்று மெல்ல ஆரம்பித்தார். மிஸ் மௌரீன் அவரைப் பேசவிடாமல் கோமளத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா இப்டி செஞ்சிங்கோ? அந்த மாஸ்டர் இங்கே என்கிட்டே வந்தாரு. அவரு பார்த்த பேப்பர்லே உன் பொண்ணு பேப்பர்தான் ஃபர்ஸ்ட். ஒரு கணக்குகூட தப்பு இல்லே. அவரு ஸ்கூல் பசங்களுக்குக் காட்டணும்னு தனியா எடுத்து வெச்சாராம். அப்பறம்தான் நீங்க தட்டு எடுத்துகிட்டு போனிங்கோ. நம்பர் தெரிஞ்சிகிட்டு அவரு சும்மா இருந்தா, தட்டு வாங்கிதான் மார்க் போட்டாருன்னு ஆய்டும். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போர்டுக்கு எழுதினாரு. அதனாலே செப்டம்பர்லே எழுத வுட்டாங்கோ. இல்லேன்னா அதுவும் இல்லே."

அலமு அழவில்லை. மேஜையின் மேலிருந்த காகிதத்தை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தாள். மூலையில் காய்ந்திருந்த மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்து விரலில் ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிஸ் மௌரீனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் நாராயணசாமி பேசிக்கொண்டே வந்தார். அந்தக் கூர்க்கனுக்கு மனுஷத்தன்மை இல்லை. நாணுவை நம்பியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் பெற்றோரை மதிக்கவில்லை. அவர் பட்டியலில் இல்லாத ஒரே பெயர் நாராயணசாமி. கோமளம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஏரிக்கரையில் அவரை முன்னே போகவிட்டுவிட்டு, மகளுடன் சேர்ந்து நடந்தாள்.

"உங்கப்பாவை என்னன்னு சொல்றது, அலமு. எதிலே பார்த்தாலும் மூக்கை நுழைச்சு, எல்லாத்தையும் கெடுத்து..."

அலமு நடையை நிறுத்தாமலே சொன்னாள். "அப்பாவுக்கு நம்மாத்து மஞ்சள் எங்கே இருக்குன்னே தெரியாதும்மா."

அவ்வளவுதான். கோமளத்துக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது. மணி அடித்ததற்குக் கேலி, அட்டவணைக்குக் கேலி, ஹார்லிக்ஸுக்குக் கேலி. வாய் அவருடைய முட்டாள்தனத்தையெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தது. கை மட்டும் பழத்தைப் பொறுக்கியது, தட்டைத் தேய்த்தது, மஞ்சளைக் குழைத்தது. அவரைத் தடுக்கவும் தெரியவில்லை, பெற்ற பெண்ணின் வார்த்தையை நம்பவும் தெரியவில்லை. இவ்வளவு நாளாக எதற்கு இந்த நாக்கு?

அன்றிலிருந்து வீட்டில் பூஜை மணி பூஜைக்கு மட்டும் அடித்தது. சுவரிலிருந்த அட்டவணையை யார் கிழித்தது என்று நாராயணசாமி கேட்டார். கோமளம் அரிசி களையப் போய்விட்டாள். அலமு யாரும் எழுப்பாமலே எழுந்தாள். எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து படித்தாள். அவளோடு பரீட்சை எழுதிய பெண்கள் காலேஜுக்கு நோட்டுப் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலோடு போகும்போது மட்டும் உள்ளே போய்விடுவாள்.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்த அன்று நாராயணசாமி ஸ்நானம் செய்து, திருமண் இட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து வெகு சிரத்தையாக ஏதோ எழுதினார். மேலே 'ஸ்ரீ' போட்டார். கட்டம் கிழித்தார். எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார்.

"மைசூர்க்காரா மறுபடியும் எழுதியிருக்கா. பாஸ் பண்ணினா காலேஜ், தப்பினா மைசூர்னு அன்னிக்கே சொன்னேன். எனக்கு ஒரே பேச்சுதான். இந்தா, ஜாதகம். மஞ்சள் தடவிக் குடு. தபாலுக்கு நேரமாச்சு."

கூடத்தில் அலமுவின் பென்சில் நின்றது.

கோமளம் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அதே மாதிரி நல்ல காகிதம். அதே 'ஸ்ரீ'. நாலு மூலையும் வெள்ளையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அவ தப்பலே" என்றாள்.

"என்ன?"

"அவ தப்பலே. தப்பினது நாம. அதுக்கு அவளை மைசூருக்கு அனுப்ப முடியாது. அடுத்த மாசம் பரீட்சை எழுதப்போறா. அன்னிக்கு நீங்க ஆபீஸுக்குப் போங்கோ. கேட்டுப் பக்கம் வரவேண்டாம்."

"அடியே, நான் மஞ்சள் கேட்டா நீ என்னென்னவோ..."

"மஞ்சள் இல்லே."

நாராயணசாமி அடுப்பு மேடையைப் பார்த்தார். அஞ்சறைப் பெட்டி திறந்து கிடந்தது. மஞ்சள்பொடி விளிம்பு வரைக்கும் இருந்தது. அது எங்கே இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதோ நிறைய இருக்கே!"

கோமளம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"அது குழம்புக்கு" என்றாள்.